செயலியின் காது யாருடையது?

ஆங்கிலச் சொல்லையும் உச்சரிப்பையும் இன்று கைபேசியே சொல்லித்தருகிறது. மார்க்கும் அதுவே போடுகிறது. வேலைக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மார்க் எவ்வளவு தூரம் உதவும்?

இரவு எட்டரை மணி. கோவை பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதியின் மொட்டைமாடி. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, ஆளுக்கொரு மூலையில் ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கைபேசியில் யாரிடமோ அல்ல, கைபேசியிடமேதான். கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ சீசன் தொடங்கப்போகிறது.

கடைசி வருட மாணவி ஒருத்தி, "வெஜிடேபிள்" என்கிறாள். சொல்லின் நடுவில் சிவப்பு விழுகிறது. இன்னும் அழுத்திச் சொல்கிறாள். மறுபடியும் சிவப்பு.

"டேபிள்னுதானடி ஸ்பெல்லிங்ல இருக்கு?"

"ஸ்பெல்லிங்கை விடு. வெஜ்... ட... பிள். மூணே துண்டு. டேபிளைத் தூக்கி அந்தப் பக்கம் போடு."

பச்சை. "அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தைடி தின்னேன்?" என்று அவள் கேட்க, மாடி முழுக்கச் சிரிப்பு.

தமிழ்நாட்டின் கல்லூரி விடுதிகளில் இது இப்போது சாதாரணக் காட்சி. பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள்தான் இவர்கள். படித்தார்கள், எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள். வாயைத் திறந்து பேசியது மட்டும் குறைவு. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை என்றால், ஆசிரியர் வேறெதுவுமே நடத்தாமல் எல்லோரையும் பேசவிட்டாலும் ஆளுக்கு முக்கால் நிமிடம்தான் கிடைக்கும். கைபேசி அந்தக் கணக்கை உடைத்துவிட்டது. நூறு தடவை தப்பாகச் சொன்னாலும் அது சலித்துக்கொள்ளாது. பின் பெஞ்சிலிருந்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தச் செயலிகளைத் தாராளமாக வரவேற்கலாம். ஆனால் சிவப்பையும் பச்சையையும் தீர்மானிக்கிற அந்தக் காது, யாருடைய ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியது? மாடியில் இருப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. சந்தா கட்டும் பெற்றோரும் கேட்பதில்லை, மொத்தமாக வாங்கிப் போடும் கல்லூரிகளும் கேட்பதில்லை.

முப்பது நாள் புத்தகத்திலிருந்து மைக் வரை

ஒரு தலைமுறைக்கு முன்னால், ஆங்கிலம் பேசப் பழக வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடைதான் கதி. 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகையறாக்கள், கபில்தேவ் விளம்பரத்தில் வந்து போன ரேபிடெக்ஸ். ஆங்கிலச் சொல், அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், கடைசியில் பொருள் என்று மூன்று பத்திகள்.

அந்த நடுப் பத்திதான் பலரைக் கவிழ்த்தது. குளிருக்கும் 'கோல்டு', தங்கத்துக்கும் 'கோல்டு'. முதுகும் 'பேக்', பையும் 'பேக்', மூட்டை கட்டுவதும் 'பேக்'. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, அது எங்கே வல்லென்று ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை இடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது தமிழின் வழக்கம். தமிழுக்கு அது போதும், ஆங்கிலத்துக்குப் போதாது. (இந்தக் கட்டுரையும் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்த வித்தியாசத்தை இங்கே எழுதிக் காட்ட முடியாது. ஏதாவது ஓர் இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.)

இணைய அகராதிகள் வந்ததும் முதலில் மாறியது இதுதான். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் ஆகியவற்றின் தளங்களில் பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒன்று, அமெரிக்க உச்சரிப்பு ஒன்று எனச் சொல்லுக்கு இரண்டு குரல்கள் கேட்கலாம். 2008-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஃபோர்வோவில் பல நாட்டு மனிதர்கள் தங்கள் குரலிலேயே சொற்களைப் பதிந்து வைக்கிறார்கள். யூகிளிஷ், ஒரு சொல் உண்மையான பேச்சில் எப்படி வருகிறது என்பதை யூடியூப் காணொளிகளிலிருந்து தேடி எடுத்து வரிசையாகப் போட்டுக் காட்டுகிறது.

இதுவரை கருவி சொன்னது, நாம் கேட்டோம். 2015-ல் வியட்நாமில் பிறந்த பெண்மணி ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய எல்சா போன்ற செயலிகள் இதைத் தலைகீழாக்கின. நாம் சொல்ல, கருவி கேட்டது. 2019 மார்ச்சில் கூகுள் இந்தியாவில் 'போலோ' என்ற வாசிப்புச் செயலியை வெளியிட்டது. பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாறி, தமிழும் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் தேடலிலேயே மைக்கில் சொல்லிப் பார்க்கும் வசதி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு மணிக்கணக்கில் உரையாடவே செய்யலாம்.

பெட்டிச் செய்தி: செயலிகளுக்கு முந்தைய கதை

1886: சர்வதேச ஒலியியல் சங்கம் பாரிஸில் தொடங்கியது. அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்கிடையே வரும் விநோதக் குறிகள் அதன் கொடை.

1917: டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி. அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டது, தென் இங்கிலாந்தில் பெரிய உறைவிடப் பள்ளிகளில் படித்த ஆண்களின் குடும்பங்கள் வீட்டில் பேசிய ஆங்கிலத்தை. 'சரியான உச்சரிப்பு' என்று நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இதுதான்.

1935: ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி. தொகுத்தவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில் பணியாற்றிய கல்வி அதிகாரி. சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953-ல் வந்தது.

1942: ஏ.எஸ்.ஹார்ன்பியும் சகாக்களும் தொகுத்த அகராதி டோக்கியோவில் அச்சானது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்று மாணவர்கள் கையிலிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வாரிசு.

சிவப்பு எப்படி விழுகிறது?

உச்சரிப்புச் செயலி நாம் என்ன சொன்னோம் என்று யோசிப்பதில்லை. திரையில் காட்டிய சொல்லைத்தான் சொல்லியிருப்போம் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. நம் குரலை நொடியின் நூறில் ஒரு பங்கு போன்ற நுண்ணிய துண்டுகளாக அரிந்து, அந்தச் சொல்லில் வர வேண்டிய ஒவ்வோர் ஒலிக்கும் எந்தத் துண்டு பொருந்துகிறது என்று ஒட்டிப் பார்க்கிறது. பிறகு, தான் கேட்டுப் பழகிய குரல்களில் அந்த ஒலி எப்படி இருந்ததோ அதற்கு நம் ஒலி எவ்வளவு நெருக்கம் என்று கணக்குப் போடுகிறது. 2000-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட், யங் இருவரும் வெளியிட்ட கணக்குமுறை இந்தத் துறைக்கு அடித்தளம். இன்றைய நரம்பு வலைப்பின்னல்கள் அதைவிட எத்தனையோ மடங்கு நுட்பமானவை. இருந்தாலும் 'பழகிய குரலுக்கு எவ்வளவு நெருக்கம்' என்ற அடிப்படை மாறவில்லை.

ஆகவே பழகிய குரல் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் உச்சரிப்பை ஆராய உலகெங்கும் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று 2018-ல் வந்த எல்2-ஆர்க்டிக். மொத்தம் 24 பேருடைய குரல். தாய்மொழிகள் இந்தி, கொரியன், சீனம், ஸ்பானிஷ், அரபி, வியட்நாமியம். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் ஆராய்ச்சிக்கென்றே 2021-ல் வந்த இன்னொன்றில் 250 பேர் பேசியிருக்கிறார்கள். அத்தனை பேரும் சீனர்கள். தமிழ் இரண்டிலும் இல்லை. சந்தையில் விற்கும் செயலிகளோ யாருடைய குரலில் பயின்றோம் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டுத் தருவதில்லை.

இல்லாத நோய்க்கு மருந்து

இதன் முதல் விளைவைப் பாடத்திட்டத்திலேயே பார்க்கலாம். ஜப்பானியருக்கு ர, ல இரண்டையும் பிரித்துக் கேட்பதே பெரும்பாடு. ஸ்பானிஷ்காரர்களுக்குக் கப்பல் என்ற பொருளில் வரும் 'ஷிப்'பும் ஆடு என்ற பொருளில் வரும் 'ஷீப்'பும் ஒன்றாகவே விழும். ஆகவே செயலிகளில் இவற்றுக்குப் பாடம் மேல் பாடம். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த, ரகர றகரமும் மூன்று விதமான லகரமும் எழுதப் பழகிய தமிழ்ப் பிள்ளை, இதில் வரிசையாகப் பச்சை வாங்கிக் குவிக்கிறது. நெருப்புப் படமும் நட்சத்திரமும் ஏறுகின்றன. புதிதாகக் கற்றது அதிகமில்லை.

தமிழருக்கு வழுக்குகிற இடங்கள் வேறு. மருந்துக்கடையில் கேட்கும் 'பில்' மாத்திரையா, ரசீதா? காப்பியும் நகலும் ஏன் ஒன்றுபோலக் கேட்கின்றன? அரிசியைச் சொல்லும் 'ரைஸ்', எழுவதைச் சொல்லும்போது கடைசியில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஏன் அதிர வேண்டும்? 'எம்' என்ற எழுத்து ஏன் 'யெம்' ஆகிறது? 'ஒன்லி' ஏன் 'வொன்லி' ஆகிறது? 'புக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஓர் உகரம் ஏன் ஒட்டிக்கொள்கிறது? நம்மைப் பற்றி வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கவனித்துவிட்டார்கள். தமிழ் கற்க வரும் ஆங்கிலேயருக்காக, ஆர்டனின் தமிழ் இலக்கணத்தோடு சேர்த்து வெளியிட 1934-ல் ஜே.ஆர்.ஃபர்த் ஒரு சிறு உச்சரிப்புக் கையேடு எழுதினார். அதைத் திருப்பிப் போட்டாலே ஆங்கிலம் கற்கும் தமிழருக்குப் பாதிப் பாடத்திட்டம் தயார். எந்தச் செயலி நிறுவனமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒற்றை ஒலிகளைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். தமிழில் அசைகளுக்கு ஏறக்குறையச் சம மரியாதை. ஆங்கிலத்தில் ஓர் அசை ராஜா, மற்றவை எடுபிடிகள். எடுபிடி அசைகளின் உயிரொலி தேய்ந்து அடையாளமே இல்லாமல் போய்விடும். நாம் 'டெவலப்' என்பதில் முதல் அசையைத் தூக்குகிறோம். அவர்கள் 'டிவெ-லப்' என்று நடு அசையைத் தூக்குகிறார்கள். 'ஹோட்டல்' அவர்கள் வாயில் 'ஹொடெல்'. புகைப்படம் 'ஃபோ'வில் தொடங்கி ஓங்கும். புகைப்படக்காரர் என்றதும் ஓங்கல் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். இந்திய ஆங்கிலம் பிறநாட்டாருக்குப் புரியாமல் போவதற்கு அழுத்தம் இடம் மாறுவது முக்கியக் காரணம் என்று ஹைதராபாத்தில் ஆர்.கே.பன்சால் 1969-லேயே ஆராய்ந்து சொன்னார். அதற்கு மூன்று வருடம் கழித்து ஹாரிசனோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூல்தான் இன்றும் பல கல்லூரிகளில் உச்சரிப்புப் பாடத்துக்குக் கைகொடுக்கிறது.

நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் 'திங்க்', 'திஸ்' ஒலிகளுக்குச் செயலிகள் காட்டும் கண்டிப்பு வேடிக்கையானது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது எங்கே புரிதல் அறுந்துபோகிறது என்பதை லண்டனைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-ல் புத்தகமாக்கினார். அந்தப் பல்லிடுக்கு ஒலிகள் அவருடைய அத்தியாவசியப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. நம் தகரத்தைப் போட்டுப் பேசினால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளோடு வெளியேற வேண்டிய மூச்சு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஒரு துண்டுக் காகிதம் போதும்

மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, மாத்திரை என்ற பொருளில் 'பில்' சொல்லுங்கள். காகிதம் படபடக்க வேண்டும். ரசீது என்ற பொருளில் சொல்லும்போது அது அசையக் கூடாது. இரண்டிலும் அசையாமல் நின்றால், கேட்கிற அமெரிக்கர் இரண்டையும் ரசீது என்றே எடுத்துக்கொள்வார். தேநீரைச் சொல்லும் 'டீ', சாவியைச் சொல்லும் 'கீ' ஆகியவற்றிலும் இதே சோதனை செய்து பார்க்கலாம். இன்டர்நெட் தேவையில்லை.

பதினைந்தா, ஐம்பதா?

உச்சரிப்பு என்றதும் நாகரிகம், ஸ்டைல் என்று பேசுகிறவர்கள் ஒரு வார்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நர்ஸிங் முடித்துப் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு முன்னால் நிற்பது ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு. ஓஇடியின் பேச்சுத் தேர்வில் நர்ஸ் நர்ஸாகவே நடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது அவருடைய உறவினர். மதிப்பிடும் அம்சங்களில் ஒன்று, பேச்சு கேட்பவருக்குப் புரிகிறதா என்பது. லண்டன்காரர் போலப் பேச வேண்டும் என்று எங்கும் இல்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் சோதனை, 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும். ஆங்கிலேயர் இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் அழுத்தத்தால்: பதினைந்தில் இரண்டாம் அசை நீண்டு ஓங்கும், ஐம்பதில் முதல் அசை ஓங்கி இரண்டாவது சுருங்கும். அழுத்தம் பிரிக்காத நமக்கு மிச்சமிருக்கும் ஒரே அடையாளம் கடைசி 'ன்'. பேச்சுத் தமிழிலோ கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. 'வந்தான்' என்பதை முழு 'ன்' போட்டுச் சொன்னால் மேடைநாடகம் போல இருக்கும். அதே பழக்கம் ஆங்கிலத்துக்குப் போகும்போது பதினைந்து மில்லிகிராம் ஐம்பதாகக் கேட்கிறது. தாய்மொழி ஆங்கிலக்காரர்களுக்கிடையிலேயே இந்தக் குழப்பம் உண்டு. எனவே மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள், போனில் அளவு சொல்லும்போது எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கங்களையும் தனித்தனியே சொல்லச் சொல்கின்றன: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்'. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு ஜோடியை வைத்து அரைமணி நேரம் பயிற்சி தரும் செயலி, நூறு நட்சத்திரம் தரும் செயலியைவிட ஒரு நர்ஸுக்குப் பெரிய உபகாரம்.

இன்டர்வியூவுக்கு முன்னால் ஓர் இயந்திரம்

பொறியியல், கலைக் கல்லூரி மாணவர்கள் மாடியில் நின்று பயிற்சி எடுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. பிபிஓ, ஐடி நிறுவனங்கள் பலவற்றில் மனிதரைச் சந்திக்கும் முன்பே பேச்சுத் தேர்வு ஒன்றை இயந்திரம் நடத்துகிறது. பியர்சனின் வெர்சன்ட், இந்தியாவில் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் உருவாக்கிய ஸ்வார் போன்றவை இந்த வகை. வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல், வாசி, கேள்விக்குப் பதில் சொல். சற்று நேரத்தில் மதிப்பெண். ஆயிரம் பேரை ஒரே நாளில் வடிகட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது வசதி. மாமா, சித்தப்பா சிபாரிசு எடுபடாது என்பதும் நல்லதுதான்.

ஆனால் இயந்திரத்துக்கும் சார்பு உண்டு. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். வெள்ளை அமெரிக்கர் பேசிய நூறு சொற்களில் சராசரியாக 19 தவறு. கறுப்பின அமெரிக்கர் பேசியதில் 35. இரு தரப்புக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். அதற்கு மூன்றாண்டு முன்னால், அயர்லாந்தில் பிறந்து ஆங்கிலமே தாய்மொழியான ஒரு கால்நடை மருத்துவர், ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டபோது, கணினி மதிப்பிடும் பேச்சுத் தேர்வில் சறுக்கினார். வேண்டியது 79, கிடைத்தது 74. தேர்வு நடத்திய நிறுவனம் தன் மதிப்பீடு சரியே என்றது.

அயர்லாந்துக்காரருக்கே இந்த நிலை என்றால் அருப்புக்கோட்டைக்காரர் என்ன செய்வார்? இயந்திரத்துக்குப் பிடித்த மாதிரி பேசக் கற்றுக்கொள்வார், அதுதான் நடக்கிறது. இடைவெளி விடாமல், ஒரே வேகத்தில், உணர்ச்சியில்லாமல் ஒப்பிப்பது நல்ல மார்க் வாங்கும் வழி என்று பயிற்சி மையங்களில் சொல்லித்தருகிறார்கள். அதே பிள்ளை வேலைக்குச் சேர்ந்தபின் எதிர்முனையில் கோபமாக இருக்கும் வாடிக்கையாளரோடு பேச வேண்டும். அங்கே நிறுத்தி, மூச்சு விட்டு, முக்கியமான சொல்லை ஓங்கிச் சொல்வதுதான் திறமை.

தொனி வேறு, புரிவது வேறு என்பதற்கு ஆதாரம் பழையது. கனடாவில் மன்ரோ, டெர்விங் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சீனர்கள் பேசிய ஆங்கிலத்தை உள்ளூர்க்காரர்கள் கேட்டு எழுதினார்கள். 'தொனி ரொம்பக் கடுமை' என்று அவர்களே மார்க் குறைத்த பேச்சைக்கூட ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

குரலையே மாற்றிவிட்டால்?

கால்சென்டர் உலகம் இதற்குள் இன்னொரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டது. 2020-ல் தொடங்கிய சனாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள், பேசுகிறவரின் தொனியைப் பேசும்போதே மாற்றி எதிர்முனைக்கு அனுப்புகிறது. பிரான்ஸைச் சேர்ந்த டெலிபெர்ஃபார்மன்ஸ் தன் இந்திய ஊழியர்களுக்கு இதைப் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. கால்சென்டர்கள் வந்த புதிதில் வாரக்கணக்கில் 'ஆக்சென்ட் டிரெயினிங்' கொடுத்து, ஊழியருக்கு வெள்ளைக்காரப் பெயரும் சூட்டினார்கள். இப்போது ஊழியர் தன் குரலிலேயே பேசலாம். கேட்பவருக்கு வேறு குரல் போகும். வசவு குறைகிறது, வேலை நிலைக்கிறது என்பது ஆதரவாளர் வாதம். உலகம் முழுவதையும் ஒரே வெள்ளைத் தொனிக்குப் பழக்குவது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று 2022-லேயே அமெரிக்காவில் விமர்சனம் எழுந்தது.

வேலை தேடும் மாணவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தொனியை இயந்திரம் மாற்றிக் கொடுத்துவிடும். தவறான சொல்லை, தவறான இடத்தில் போட்ட அழுத்தத்தால் வந்த குழப்பத்தை, என்ன பதில் சொல்வது என்று தெரியாத திணறலை அது ஈடுகட்டாது.

சொல் சேர்ப்பவர்கள்

சொற்களைப் பொறுத்தவரை செயலிகளுக்கு நல்ல பேர் வாங்கித்தருவது மறதி பற்றிய ஆராய்ச்சி. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதித்துக் கண்டதை 1885-ல் வெளியிட்டார். மறக்கப்போகும் நேரம் பார்த்து மீண்டும் நினைவூட்டும் உத்தியைக் கணினிக்குள் கொண்டுவந்தது 1987-ல் போலந்துக்காரர் ஒருவர். 2006-ல் வந்த ஆன்கி இன்றும் கணினியில் இலவசம். வெறுமனே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே சொல்லை நிறுத்துகிறது என்பதை 2008-ல் கார்ப்பிக், ரோடிகர் ஆய்வு அழுத்தமாகக் காட்டியது. ஒரு வாரம் கழித்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை.

ஆனால் எத்தனை சொல் வேண்டும்? நியூசிலாந்தின் பால் நேஷன் கணக்குப்படி, ஆங்கிலப் பேச்சைத் தடையில்லாமல் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள். நாவல், செய்தித்தாள் வாசிக்க 8,000 முதல் 9,000. 'தினம் ஒரு சொல்' வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து போனால் இருபது வருடம் பிடிக்கும். தினம் வரும் அந்த ஒரு சொல்லும், யாரும் பேச்சில் பயன்படுத்தாத ஏதாவது பூதமாகத்தான் இருக்கும்.

சொல்லுக்கு நேர் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது என்பதும் செயலிகள் விட்டுவிடும் பாடம். டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்கிறோம். 'பவர்ஃபுல்லா ஒரு டீ' என்று கேட்டால் மாஸ்டர் முறைப்பார். இரண்டு சொல்லுக்கும் செயலி காட்டும் தமிழ்ப் பொருள் 'வலுவான' என்பதுதான். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை அட்டையில் எழுதிப் படிக்க முடியாது. வாக்கியங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் படியும். ஆங்கிலச் சொல்லின் நுட்பமான தமிழ்ப் பொருள் வேண்டுவோர், அ.சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அது முழுவதும் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது.

பெட்டிச் செய்தி: காசில்லாமல் செய்யக்கூடியவை

கைபேசியின் குரல்-தட்டச்சு மொழியை 'ஆங்கிலம் – இந்தியா' என்று மாற்றுங்கள். பிறகு உங்கள் பாட்டுக்கு ஒரு பத்தி பேசிப் பாருங்கள். இயந்திரம் எந்தச் சொல்லைத் தப்பாக எழுதுகிறதோ, அங்கேதான் கவனம் தேவை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால் பாதி 'உச்சரிப்புப் பிழை' தானாக மறையும்.

ஒரு சொல்லை ஒரே குரலில் ஐம்பது தடவை கேட்காதீர்கள். யூகிளிஷில் பத்துப் பேர் வாயில் கேளுங்கள். ஜப்பானியருக்கு ர, ல வித்தியாசத்தைப் பழக்கிய 1991-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், பல குரல்களில் கேட்டவர்கள் புதிய குரலிலும் சரியாகப் பிரித்தறிந்தார்கள். கனடாவின் 'இங்கிலிஷ் ஆக்சென்ட் கோச்' தளம் இதே கொள்கையில் இயங்குகிறது.

அகராதியின் உச்சரிப்புக் குறியில் மேலே ஒரு சிறு கோடு போட்டிருக்கும்; அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் விழும் இடம். பொருளைப் பார்க்கும் முன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

யாருடைய போன், யாருடைய காசு?

வாய்விட்டுப் பழகச் சொந்தமாக ஒரு போனும் தனியாக ஓர் இடமும் வேண்டும். 2023-ன் 'ஏசர்' கல்வி ஆய்வு, கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைக் கேட்டது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்த போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8. அண்ணன் போனை இரவு பத்து மணிக்கு மேல் வாங்கி, கூடத்தில் எல்லோரும் தூங்கும்போது 'வெஜ்-ட-பிள்' என்று சத்தம் போட முடியாது. சொல் பட்டியலை மௌனமாகப் படிக்கலாம். உச்சரிப்பை மௌனமாகப் பழக முடியாது. விடுதி மாடி கிடைத்த பெண்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

காசு விஷயத்தில் வழக்கமான புகார், 'ஏழு நாள் இலவசம்' முடிந்ததும் ஓராண்டுச் சந்தா கணக்கிலிருந்து போய்விடுவது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் பிடிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடுகிறது. யூபிஐ செயலிக்குள் போய் 'ஆட்டோபே' பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பணத்தைவிடப் பெரிய பண்டம் குரல். செயலியிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. 2023-ன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவின் மின்னஞ்சலில் செயலியைத் திறந்து கொடுக்கும் வீடுகளில் அந்த ஒப்புதல் ஒரு விரல் தட்டலில் முடிந்துவிடுகிறது.

தமிழ்க் குரலே கேட்காத இயந்திரங்களை நொந்துகொண்டிருக்கத் தேவையில்லாதபடி சென்னையிலேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் 'ஸ்வரா' என்ற தொகுப்பை வெளியிட்டது. 19 மாநிலங்களின் 65 மாவட்டங்களைச் சேர்ந்த 117 பேர் பேசிய இந்திய ஆங்கிலம், மொத்தம் 9.6 மணி நேரம். இந்தியர் பேசும் ஆங்கிலம் எந்த மென்பொருளுக்கு எவ்வளவு புரிகிறது என்று அளப்பதற்கென்றே தயாரித்தது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மாணவருக்கு இவ்வளவு என்று கல்லூரிகளிடம் மொத்தச் சந்தா விற்க வரும் நிறுவனங்களிடம், இந்தத் தொகுப்பில் உங்கள் செயலி நூறு சொல்லுக்கு எத்தனை தவறு செய்கிறது என்று முதல்வர்கள் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.